ஏறும்போது கதவின் மேல் லாட்ச் திறந்துவிட்டது: இரத்மலானையில் பறப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வெள்ளவத்தைப் பொடியன்
ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் பிபிஎல், அதாவது தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கிறேன், இன்னும் நாற்பது மணித்தியாலம்கூட ஆகவில்லை. நேற்று நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். வீட்டில் மூச்சுவிடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த மாதக் காசு வராது, அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

விமானம் பைப்பர் வாரியர். தெரியாதவர்களுக்கு: அதற்கு ஒரே ஒரு கதவு, அதுவும் வலப்பக்கம். இறக்கைமேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பறப்பவர் இருப்பதோ இடப்பக்கம். கதவுக்கு இரண்டு லாட்ச். ஒன்று பக்கத்தில், கை வைக்கும் இடத்துக்குக் கிட்ட, மற்றது மேலே கூரையோரத்தில்.

எனக்கு அது மூன்றாவது சோலோ, அதாவது இன்ஸ்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. பதினொரு மணி வெயில், முதல் நாள் மழைக்கு நிலமெல்லாம் ஆவி விடுகிறது, கொக்பிட்டுக்குள் பிட்டுக் குழலுக்குள் இருப்பதுபோல. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கதவிடுக்கில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, வருகிற காற்றை வாங்கிக்கொண்டு டாக்சி பண்ணினேன், அதாவது ரன்வே பக்கம் நிலத்தில் ஓட்டிப் போனேன். ரன்வேக்குள் போக முன்னர் காத்து நிற்கிற ஹோல்டிங் பொயின்டில் இருக்கும்போது ஒரு விமானம் இறங்குவதற்கு வந்துகொண்டிருந்தது, உடனே கிளம்ப முடியுமா என்று டவர் கேட்டது, நானும் ஓம் என்றுவிட்டேன். போத்தலை இழுத்துப் பக்கத்து சீற்றில் போட்டு, கதவை இழுத்துப் பக்க லாட்ச்சைப் போட்டுக்கொண்டு ரன்வே 22இல் ஏறிவிட்டேன்.

காலி வீதிக்கு மேலே வந்திருப்பேன், 300 அடி இருக்கும், பட் என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரே இரைச்சல். சத்தியமாக இன்ஜின்தான் போய்விட்டது என்று நினைத்தேன். செக்லிஸ்ட் அட்டை மடியிலிருந்து எழும்பிப் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கதவின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வானம் தெரிகிறது.

இங்கேதான் பிழை விட்டேன். இடக்கையில் யோக் என்கிற திருப்புப் பிடியைப் பிடித்தபடி, வலக்கையால் அந்த மேல் லாட்ச்சை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். எட்டவில்லை. இன்னும் சாய்ந்தேன். வேகம் காணாது என்று எச்சரிக்கிற ஸ்டோல் ஹோர்ன் முனகத் தொடங்கிய பிறகுதான் முன்னால் பார்த்தேன்: 79 நொட் வேகத்தில் ஏற வேண்டிய விமானம் 60க்கு இறங்கியிருக்கிறது, வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்தும் இருக்கிறது. கதவை விட்டுவிட்டு மூக்கைக் கீழே தள்ளினேன். அப்புறம் அந்த இரைச்சலோடேயே சேர்க்கிட்டை, அதாவது ரன்வேயைச் சுற்றிப் பறக்கிற பாதையை, முடித்து வந்து இறங்கினேன். கால் நடுக்கம் நிற்க அரை மணித்தியாலம் எடுத்தது.

இன்ஸ்ரக்டர் நல்லாக ஏசினார், ஆனால் கதவு திறந்ததற்காக இல்லை. என்னுடைய கேள்விகள் இவைதான். லாட்ச்சில் பழுது இருக்குமா? கதவு உண்மையாகவே பூட்டியிருக்கிறது என்று எப்படி நிச்சயப்படுத்துவது? மேலே வைத்தே பூட்டலாம், சின்ன வேலை என்று கூடப் படிக்கிற ஒருவன் சொல்கிறான், சரியா?


பழைய சேர்க்கிட்
ஞாயிறு இரவு 10.25

தம்பி, முழுதாக இறங்கி வந்து இதை எழுதுகிறீர், அதுவே பெரிய காரியம்.

உம்முடைய இன்ஸ்ரக்டர் எதற்கு ஏசினார் என்பது உமக்கே விளங்கியிருக்கும். திறந்த கதவோடு வாரியர் பறக்கும். அந்த விமானத்தின் கையேட்டிலேயே இருக்கிறது, கதவு கொஞ்சம் திறந்திருந்தால் பறக்கும் தன்மை மாறாது, வழமைபோல இறங்கலாம் என்று. இரண்டு லாட்ச்சும் விட்டுவிட்டால்கூடக் கதவு சாடையாகத் திறந்தபடி வரும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வெளியிடுகிற ஏர்ப்ளேன் ஃப்ளையிங் ஹேண்ட்புக்கிலும் இதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. கதவு திறந்ததால் விபத்து நடப்பது மிக அரிது, விமானி அதில் கவனம் போய்க் கட்டுப்பாட்டை விடுவதால்தான் நடக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 300 அடியில் 60 நொட்டும் ஒரு சாய்வும் என்றால் நீர் அந்தப் பகுதியின் நடுப்பக்கத்திலேயே நின்றிருக்கிறீர்.

சத்தம் பொல்லாதது, அதை ஒத்துக்கொள்கிறேன். என் கதையைச் சொல்கிறேன். கன வருடத்துக்கு முன்னர் செஸ்னா 172இல் உறவுக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். ஏறியவுடன் வலப்பக்கத்தில் டக டக டக டக என்று தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். பக்கத்தில் இருந்தவர் முருகா முருகா என்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இன்ஜின் மீட்டர் எல்லாம் பார்த்தேன், எண்ணெய் அழுத்தம் சரி, சுற்று சரி. கடைசியில் பார்த்தால் அவருடைய சீற் பெல்ட்டின் நுனி கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டு உடம்பில் அடிக்கிறது. இறங்கிப் பார்த்தபோது பெயின்ட் ஒரு கை அகலத்துக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து கதவைச் சாத்த முன்னர் பெல்ட் இரண்டும் மடியில் இருக்கிறதா என்று நானே கையால் தொட்டுப் பார்ப்பேன், பயணி சொல்வதை நம்புவதில்லை.

சரி, உம்முடைய கேள்விக்கு வருகிறேன். ரன்வேயில் ஓடும்போதே கதவு திறந்தால், முன்னால் தூரம் இருந்தால், வேகத்தை இழுத்து நிறுத்தும். இரத்மலானையில் 1,800 மீற்றருக்கு மேல் ரன்வே இருக்கிறது, வாரியருக்கு அது தாராளம். சக்கரம் எழும்பி, முன்னால் வீதியும் கடலும்தான் என்றால் அந்தக் கதவை மறந்துவிடும். கேட்கிறது, காற்றடிக்கிறது, கடுதாசி பறக்கிறது, இருக்கட்டும். 79இல் ஏறும், சேர்க்கிட் உயரம் போம், டவருக்குச் சொல்லும், முழு லாண்டிங் செக்லிஸ்ட்டையும் செய்து இறங்கும். அவசரப்பட்டுச் சுருக்கி வளைக்க வேண்டாம், கதவுக்காகக் குறுக்கே திரும்பியவர்கள் பலர் அந்தத் திருப்பத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். பெல்ட்டைத் தளர்த்தவே கூடாது. நீர் எட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர், அந்தத் தோள் பெல்ட்தான் உம்மை எட்டவிடாமல் பிடித்திருக்கும். நல்ல காரியம்.

மேலே வைத்துப் பூட்டலாமா என்றால், பூட்டலாம், முறை இருக்கிறது. வாரியருக்கு 87 நொட்டுக்குக் குறைத்து, காற்றுத் துவாரங்களை மூடி, இடப்பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து, பிறகு மேல் லாட்ச்சைப் போடு என்கிறது கையேடு. பக்க லாட்ச் விட்டிருந்தால் கைவைக்கும் கட்டையை உள்ளே இழுத்தபடி அதைப் போட வேண்டும், இரண்டும் விட்டிருந்தால் முதலில் பக்கம், பிறகு மேல். 172இல் வேறு மாதிரி: 75 நொட் அளவில் கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் நிற்கிற மாதிரி டிரிம் பண்ணிவிட்டு, ஜன்னலைத் திறந்து, கதவைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரே அடியாக இழுத்துச் சாத்த வேண்டும். வெளியே தள்ளுவதா என்று முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன், ஆனால் அதுதான் வேலை செய்யும். இவை எல்லாம் உயரம் இருக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போது. நாற்பது மணித்தியாலத்தில், தனியாக, சேர்க்கிட்டில் இது உம்முடைய வேலை இல்லை. சின்ன வேலை என்று சொன்ன அந்தக் கூட்டாளியை இடப்பக்க சீற்றில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிலத்தில் நிற்கும்போதே மேல் லாட்ச்சைப் பிடித்துத் திருப்பச் சொல்லும். முகத்தைப் பாரும்.


கிறீஸ் கை
திங்கள் காலை 6.15

நான் ஹேங்கரில் வேலை செய்கிறவன், பறக்கிறவன் இல்லை. இந்தக் கதவுகளோடுதான் சீவியம் போகிறது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மேல் லாட்ச்சைத் திருப்பவே இல்லை. பக்க லாட்ச் மட்டும் போட்டால் கதவின் கீழ்ப்பாதி பிடிக்கும், மேல்மூலை வெளியே வளையும். மெல்லிய அலுமினியத் தகடு, வளையத்தான் செய்யும். இரண்டு விரல் வானம் என்பது சரியாக அந்தக் கணக்கு. ஆனால் பழுதே இல்லை என்று வாய்ச்சொல்லால் சொல்ல மாட்டேன், கொண்டுவந்து காட்டுங்கள்.

நிச்சயப்படுத்துவது எப்படி என்று கேட்டீர்கள். கண்ணால் பார்ப்பது காணாது. பைப்பரின் மேல் கைபிடியைப் பூட்டுகிற பக்கத்துக்குத் திருப்பிவிடலாம், ஆனால் கொக்கி போய்க் கொளுவாமல் வெறுமனே திரும்பியிருக்கும், பார்த்தால் பூட்டியது மாதிரியே இருக்கும். அதனால் திருப்பிய பிறகு உள்ளங்கையை விரித்துக் கதவின் மேல் ஓரத்தில் வைத்து வெளியே ஒரு தள்ளு தள்ளுங்கள். கொளுவியிருந்தால் கல்லுமாதிரி நிற்கும். கொளுவாவிட்டால் ஓரம் சாடையாக அசையும், வெளிச்சக் கோடு ஒன்று தெரியும். திருப்பும்போது கையிலும் தெரியும்: கொளுவும்போது கடைசியில் ஒரு இறுக்கம் வரும், வெறுமனே திரும்பினால் வெண்ணெயில் கத்தி போனதுபோல லேசாகப் போகும். ஊர் வீட்டுக் கதவின் திறாங்கு சட்டத்துக்குள் இறங்கியதா, வெளியில் நிற்கிறதா என்று இருட்டில் கையால் தெரியும்தானே, அந்த மாதிரி.

செஸ்னாவில் உள் கைபிடிக்குத் திறப்பது, சாத்துவது, பூட்டுவது என்று மூன்று நிலை. கடைசி நிலையில் கைபிடி கைவைக்கும் இடத்தோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுப் பூட்டியாயிற்று என்று நினைப்பவர்கள்தான் கனபேர்.

அடித்துச் சாத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உயிர் போகும். ஹையேஸ் வேன் கதவு மாதிரி படார் என்று அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் கீல் ஆணி தேயும், கதவு பின்பக்கம் கீழே தொங்கும், தொங்கினால் லாட்ச் நாக்கு சட்டத்திலுள்ள தகட்டின் நடுவில் போகாமல் ஓரத்தில் உரசும். அந்தத் தகட்டைப் பாருங்கள், நடுவில் மினுமினுப்பு இருந்தால் நல்லது. மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மினுங்கினால் கதவு இறங்கிவிட்டது, எங்களிடம் சொல்ல வேண்டும். கைபிடியை ஒரு தரம் தூக்கிப் பிடித்துத்தான் பூட்ட முடிகிறது என்று யாராவது உங்களுக்குக் குறுக்குவழி சொல்லித் தந்தால், அது பழுது. அதை எழுதிப் போடுங்கள், பழகிக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தண்ணீர்ப் போத்தல். அதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கதவைச் சுற்றி ஓடுகிற றப்பர் இங்கே கடற்காற்றிலும் வெயிலிலும் ஏற்கனவே காய்ந்து கிடக்கிறது. போத்தலை வைத்து அதை ஒரே இடத்தில் நசித்தால் ஓரம் கிளம்பும், பசை விடும், கிளம்பிய துண்டு மடிந்து லாட்ச்சுக்குள் போய்க் கதவை முழுதாகச் சாத்தவிடாது. றப்பர் சரியா என்று பார்க்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். கடுதாசித் துண்டு ஒன்றைச் சட்டத்தில் வைத்துக் கதவைப் பூட்டி, பிறகு இழுத்துப் பார்ப்போம். சுற்றிலும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஒரு இடத்தில் தானாக விழுந்தால் அங்கே இடைவெளி. பில் கடுதாசியே போதும்.


கட்டுபெத்த கணக்கு
திங்கள் பகல் 1.10

மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், விரிவுரை மண்டபத்திலிருந்தே உங்கள் சேர்க்கிட் சத்தம் கேட்கும். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் டாக்சியில் சும்மா இருந்த கதவு ஏன் ஏறும்போது மட்டும் திறக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

கொக்பிட்டின் வளைந்த பக்கங்களைச் சுற்றிக் காற்று விரைவாகப் போகிறது, விரைவாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது. உள்ளேயோ துவாரங்கள் வழியாகக் காற்று வந்து நிரம்பியிருக்கிறது. ஆக உள்ளிருந்து ஒரு தள்ளு, வெளியிலிருந்து ஒரு இழுப்பு, இரண்டும் ஒரே திசையில். 80 நொட் என்றால் செக்கனுக்கு 41 மீற்றர், காற்றின் இயக்க அழுத்தம் கிட்டத்தட்ட 1,000 பாஸ்கல். அதில் மூன்றில் ஒரு பங்கு கதவில் உறிஞ்சலாக விழுகிறது என்றும், கதவு ஒரு சதுர மீற்றர் என்றும் வைத்துக்கொண்டால் 300 நியூட்டனுக்கு மேல், அதாவது 30 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கிறது. இது குத்துமதிப்பு, விமானத்துக்கு விமானம் மாறும். ஆனால் ஒன்று மாறாது: விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 நொட்டில் 8 கிலோதான், அரைகுறைக் கொக்கியும் தாங்கும். 80இல் நான்கு மடங்கு. ஆகவே நிலத்தில் திறக்கவில்லை என்பது பூட்டியிருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

கையேடு துவாரத்தை மூடி ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் இதற்காகத்தான், உள் அழுத்தத்தைக் குறைக்க. கதவு ஏன் முழுதாகத் திறந்து பிய்ந்து போவதில்லை என்றால், கீல் முன்பக்கம். கொஞ்சம் வெளியே வந்தவுடன் எதிர்காற்று அதைத் திரும்ப அமத்தும். உறிஞ்சலும் அமத்தலும் சமமாகிற இடத்தில், சில அங்குலத்தில் நிற்கும். அந்த இடத்திலிருந்து உள்ளே இழுத்தால் உறிஞ்சலோடு மல்லுக்கட்ட வேண்டும். வெளியே தள்ளினால் காற்றே திருப்பி அடிக்கும், அந்த அடியோடு சேர்த்து இழுத்தால் சாத்திவிடலாம் என்பதுதான் அந்த 172 வித்தை என்று நினைக்கிறேன்.


ஞாயிறு விமானி
திங்கள் மாலை 5.30

இவ்வளவு கதை எதற்கு? கைவைக்கும் கட்டையில் ஒரு பஞ்சிக் கயிறு, அந்த இழுபடுகிற றப்பர்க் கயிறு, கட்டி மற்றப்பக்கம் சீற் காலில் கொளுவிவிட்டால் லாட்ச் விட்டாலும் கதவு அசையாது. நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. மற்றது, 2024இல் அந்த அலாஸ்கா விமானத்தில் கதவு போனதை எல்லோரும் பார்த்தோம்தானே, அதற்குப் பிறகும் கதவு திறந்தால் ஒன்றும் இல்லை, சும்மா பறவும் என்று ஒரு மாணவனுக்குச் சொல்வது சரியா?


பழைய சேர்க்கிட்
திங்கள் மாலை 6.05

ஐயா, அந்தக் கயிற்றை இன்றைக்கே கழற்றுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் விமானத்தின் கையேட்டில் கட்டாயத் தரையிறக்கம் என்ற பக்கத்தை எடுத்துப் பாருங்கள். செஸ்னா கையேடுகளில் நிலத்தைத் தொட முன்னரும், தண்ணீரில் இறங்க முன்னரும் கதவு லாட்ச்சைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கும். காரணம், அடிபட்டுச் சட்டம் நெளிந்தால் பூட்டிய கதவு இறுகிவிடும், உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. 22இல் கிளம்பினால் நமக்கு முன்னால் என்ன? காலி வீதி, ரயில் பாதை, பிறகு கடல். இன்ஜின் நின்றால் அந்தக் கடல்தான். தலைகீழாகத் தண்ணீருக்குள், இருட்டில், ஒரே ஒரு கதவுள்ள பைப்பரில், பஞ்சிக் கயிற்றின் முடிச்சைத் தேடிப் பார்க்கிறீர்களா? கதவு இரண்டு வேலைக்கு இருக்கிறது. பறக்கும்போது பூட்டியிருக்க வேண்டும், தேவைப்படும்போது ஒரு கையால் திறக்க வேண்டும். முதலாவது வேலைக்காக இரண்டாவதைக் கெடுப்பது எந்த ஊர் நியாயம்?

அலாஸ்கா கதை வேறு, அதையும் இதையும் போட்டுக் குழப்பினால் பொடியன் பயந்துபோவான். 2024 ஜனவரி 5, போட்லண்டிலிருந்து கிளம்பிய 737 மேக்ஸ் 9, 15,000 அடியளவில் ஏறிக்கொண்டிருந்தது. போனது கதவுகூட இல்லை, கதவு வைக்காத இடத்தை அடைக்கிற தட்டி. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் போடப்படவில்லை என்று விசாரணையில் வந்தது. உள்ளே காற்றை அமுக்கி வைத்த விமானம் அது, ஒவ்வொரு சதுர அடியிலும் உள்ளிருந்து பெரிய தள்ளு. வாரியரில் காற்றை அமுக்குவதே இல்லை, நீங்கள் பறப்பதோ ஆயிரம் அடியில். மேலே கட்டுபெத்த தம்பி போட்ட கணக்கில் இருப்பதுதான் முழு விசையும்.

விளக்கு எரிந்து எச்சரிக்கிற விமானங்களும் உண்டு. டயமண்ட் டிஏ40இல் கனோப்பியோ பின்கதவோ பூட்டாவிட்டால் சிவப்பில் வரும், அதோடு கிளம்பவே கூடாது. கண்ணாடி மூடி முழுதாக மேலே எழும்புகிற விமானம், அங்கே திறந்தால் இப்படி நிதானமாக இருந்து எழுத முடியாது. நமக்கு விளக்கு இல்லை, கை இருக்கிறது.


வெள்ளவத்தைப் பொடியன்
புதன் இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் போய் அந்த விமானத்தைப் பார்த்தேன். பறக்கவில்லை, சும்மா ஏறி இருந்தேன், கிறீஸ் கை அண்ணா சொன்னதை எல்லாம் செய்தேன்.

மேல் லாட்ச் நல்லாகத்தான் இருக்கிறது. திருப்பினால் இறுகுகிறது, தள்ளினால் அசையவில்லை. ஆக அன்று நான் அதைத் தொடவே இல்லை, பழுது என்னில்தான். யோசித்துப் பார்த்தேன், எப்படி விட்டேன் என்று. செக்லிஸ்ட்டில் கதவு வருவது ஸ்டார்ட் பண்ண முன்னரும், இன்ஜினைச் சோதிக்கிற ரன்அப் முடிந்த இடத்திலும். இரண்டு தரமும் வாயால் சொன்னேன், போத்தல் இடுக்கில் இருந்தது, பிறகு சாத்துவேன்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிறகு வந்த நேரத்தில் டவர் அவசரப்படுத்தியது. செக்லிஸ்ட் முடிந்துபோயிருந்தது, கதவு முடியவில்லை.

இன்ஸ்ரக்டரிடம் சொன்னேன். வெக்கைக்குத் திறந்து வைப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நானும் மனுஷன்தான் என்றார். ஆனால் போத்தலுக்குப் பதிலாக ஒன்று செய்யச் சொன்னார்: கதவு திறந்திருக்கும் வரைக்கும் செக்லிஸ்ட் அட்டையைத் த்ரொட்டிலுக்கு மேலே குறுக்காக வைக்க வேண்டும். முழு வேகம் கொடுக்கப் போனால் அட்டையில் கை படும். மேல் லாட்ச்சைத் திருப்பித் தள்ளிப் பார்த்த பிறகுதான் அட்டை மடிக்கு வர வேண்டும். அதோடு, உடனே கிளம்ப முடியுமா என்று டவர் கேட்டால் முடியாது என்று சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னார். அதை யாரும் இதற்கு முதல் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருப்பார்கள், காதில் ஏறவில்லை போல.

இன்று காலமை அவரோடு ஒரு மணித்தியாலம் போனேன். 2,000 அடியில், கடலுக்கு மேல், வேண்டுமென்றே கதவைத் திறக்கவெல்லாம் இல்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் தன் பக்கத்துக் கட்டையில் ஓங்கி ஒரு அடி அடித்து, கதவு திறந்துவிட்டது என்றார். முதல் தரம் தலை திரும்பிவிட்டது. மூக்கும் கூடவே ஏறியது. ஐந்தாறு தரம் அடித்திருப்பார், கடைசித் தரம் நான் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சரி சேர் இறங்கின பிறகு பார்ப்போம் என்றேன். சிரித்தார்.

ஒரு சின்ன விஷயம், கிறீஸ் கை அண்ணா. அந்தக் கடுதாசிச் சோதனையையும் செய்தேன், சாப்பாட்டுக் கடை பில்லை வைத்து. சுற்றிலும் இறுக்கம், ஆனால் பின்பக்க மேல்மூலையில் ஒரு கை அகலத்துக்குத் தானாக விழுகிறது. றப்பர் அங்கே கிளம்பித்தான் இருக்கிறது, நகத்தால் தூக்கினால் எழும்புகிறது. போத்தல் வைத்த இடம் அது இல்லை, சத்தியமாக.


கிறீஸ் கை
புதன் இரவு 9.30

போத்தல் வைத்த இடமோ இல்லையோ, நகத்தால் இனித் தூக்காதீர்கள், இருக்கிற பசையும் போய்விடும். விமானத்தின் பழுதுகளை எழுதுகிற டெக் லொக்கில் எழுதிப் போட்டீர்களா? இல்லாவிட்டால் நாளைக்கே எழுதுங்கள், எந்த மூலை, எவ்வளவு அகலம் என்று. இங்கே எழுதினால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒட்டினால் போதுமா, முழுச் சுற்றும் மாற்ற வேண்டுமா என்று பார்த்துத்தான் சொல்வேன். மாற்றினால் முதல் கொஞ்ச நாள் புது றப்பர் தடிப்பாக இருக்கும், கதவு இறுக்கமாக வரும், கைவைக்கும் கட்டையைப் பிடித்து நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டுதான் லாட்ச்சைப் போட வேண்டியிருக்கும். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது வேன் கதவு மாதிரி அடித்தால் ஹேங்கரில் இருந்தே எனக்குக் கேட்கும்.